டிரைடன் கண்ட பிழை

ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672ஆம் ஆண்டில், தம் நாடகம் ஒன்றோடு சேர்த்து வெளியிட்ட கட்டுரையில், முந்தைய தலைமுறையின் பெருங்கவிஞரான பென் ஜான்சனிடம் மொழிப்பிழைகள் சிலவற்றைச் சுட்டினார். ஜான்சன் எளிய புலவர் அல்லர். ஆங்கிலத்திற்கு இலக்கண நூலே எழுதியவர். அந்நூல் அவர் மறைந்தபின் 1640இல் அச்சேறியது. அத்தகையவரின் 'கேட்டிலைன்' நாடகத்தில் ஓர் அடி 'ஃப்ரம்' என்னும் சொல்லில் முடிகிறது. அதுவே குற்றமாயிற்று.

தமிழில் வேற்றுமை உருபுகள் செய்யும் பணியை ஆங்கிலத்தில் 'இன்', 'டு', 'ஃப்ரம்' முதலிய சொற்கள் செய்கின்றன. இவை பெயருக்கு முன்னே தனித்து நிற்பவை. 'அவன் வசிக்கும் வீடு' என்பதை ஆங்கிலேயர் பேச்சில் 'த ஹவுஸ் ஹி லிவ்ஸ் இன்' என்பர். 'இன்' இங்கே தன் இடத்தை விட்டுத் தொடரின் கடைசிக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் இது பன்னெடுங்கால வழக்கு. டிரைடனுக்கு அது உறுத்தியது. ஏன் என்று அவர் விளக்கவில்லை. எனினும் தாம் எழுதும் ஆங்கிலம் சரியா என்று ஐயுற்றால் அதனை இலத்தீனில் பெயர்த்துப் பார்ப்பதுண்டு என 1679இல் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இலத்தீனிலோ இத்தகைய சொல் கடைசியில் தனித்து நிற்க இயலாது. தாய்மொழியின் செவியை நம்பாமல் வேற்றுமொழியின் துலாக்கோலை நாடியவர், அந்நாட்டின் அரசவைக் கவிஞர்!

ஆயினும் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. அதே பிழை தம் எழுத்திலும் உண்டென்று 1672இலேயே கூறினார். நாடகக் கலை பற்றி 1668இல் வெளியிட்ட தம் நூலை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது, அத்தகைய தொடர்களைத் தேடித் தேடி மாற்றினார்.

தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ராபர்ட் லௌத் வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். எபிரேயக் கவிதையின் இணையடி அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1762இல் தம் பெயரின்றி அவர் வெளியிட்ட சிறிய ஆங்கில இலக்கணம், ஷேக்ஸ்பியர், மில்டன், போப் என ஒருவரையும் விடாது அடிக்குறிப்புகளில் குற்றங் காண்கிறது. டிரைடனும் தப்பவில்லை. ஆனால் கடைசியில் நிற்கும் அச்சொல்லை லௌத் தடை செய்யவில்லை. அது ஆங்கிலத்தின் இயல்பான போக்கு, உரையாடலுக்குப் பொருந்தும். உயர்ந்த நடைக்கு முன்னே வைப்பதே அழகு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்லும் தொடரையே 'டு' என்று முடித்தும் வைத்தார். குறும்பா, பழக்கமா? குறும்பென்றே கொள்ளத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறிய லிண்ட்லி மர்ரே, அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் தேவைக்கென 1795இல் இலக்கண நூல் ஒன்றை எழுதினார். லௌத்தின் கருத்துகளைப் பெரிதும் எடுத்தாண்டவர், மேற்சொன்ன தொடரையும் எடுத்துக்கொண்டார். ஆனால் கடைசியில் நின்ற 'டு'வை முன்னே நகர்த்தித் 'திருத்தி'விட்டார். குறும்பு போயிற்று, விதி நின்றது. அந்நூல் அட்லாண்டிக்கின் இருகரையிலும் இலட்சக்கணக்கில் விற்றது. கவிஞர் ஒருவரின் கூச்சமும் பேராசிரியர் ஒருவரின் நடைக்குறிப்பும் வகுப்பறைக் கட்டளையாக இறுகியது இப்படித்தான். தாய் பேசுவதைப் போலவே எழுதிய குழந்தையின் ஏட்டில் சிவப்புக் கோடு விழுந்தது.

1926இல் ஹென்றி ஃபௌலர், தம் புகழ்பெற்ற வழக்கு அகராதியில், இவ்விதியை மூடநம்பிக்கை என்று தள்ளினார். அகராதியாளரும் மொழியியலாரும் அவர் வழியே நின்றனர். ஆயினும் 2024இல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிறுவனம், இத்தகைய தொடரில் பிழையில்லை என்று மீண்டும் அறிவித்தபோது, மறுத்துச் சினந்தவர் பலர். டிரைடன் எழுதி 352 ஆண்டுகள் ஆகியிருந்தன.