மருத்துவத்துக்கு வாங்கிய கருவி, மழையை அளந்த கதை

மன்னர்களின் காலத்தைக் கல்வெட்டு சொல்லும். எழுத்தே பிறக்காத காலத்தில் பூமி எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதை எது சொல்லும்? தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் சொல்லும்.

ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒன்று சற்றுக் கனமானது. ஆக்சிஜன் 18 என்ற ஐசோடோப்பு அது. மேகம் குளிரக் குளிர, அந்தக் கனமான அணு உள்ள நீர் முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடும். ஆகவே கடுங்குளிரில் விழும் பனியில் அது குறைவாக இருக்கும்.

ஆனால் அந்த வேறுபாடு மிக நுண்ணியது. 1940களின் இறுதியில் சிகாகோவில் ஹெரால்ட் யூரே, கடலுயிர்களின் ஓடுகளைக் கொண்டு பண்டைய கடலின் வெப்பத்தை அளக்க முனைந்தார். ஒரு டிகிரிக்கு விகிதம் சுமார் 0.02 சதவீதமே மாறும். அன்றைய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களுக்கு அது பிடிபடவில்லை. மினசோட்டாவின் ஆல்பிரட் நியர் வடிவமைத்த கருவியை யூரேயின் குழு மேலும் நுட்பமாக்கிய பிறகே காரியம் நடந்தது.

கோபன்ஹேகனில் கதை வேறு. அங்கே பல்கலைக்கழகத்தில் வில்லி டான்ஸ்கார்டின் பொறுப்பில் இருந்த கருவி, உயிரியல், மருத்துவ ஆய்வுகளுக்காக வந்தது. 1952 ஜூன் மாதம், ஒரு வார இறுதியில் நல்ல மழை. அவர் வீட்டுத் தோட்டத்தில் காலி பீர் பாட்டிலில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். பிறகு அதை ஆய்வகக் கருவியில் அளந்தார். மழைக்கு மழை ஆக்சிஜன் மாறுவதைக் கண்டார். கிரீன்லாந்தின் பழைய பனியில் பழைய காலநிலையைப் படிக்கலாம் என்று 1954இல் எழுதினார்.

அந்தப் பனியும் வேறொரு வேலைக்காகப் போன இடத்திலிருந்துதான் கிடைத்தது. கிரீன்லாந்தில் அமெரிக்க ராணுவம் கட்டிய கேம்ப் செஞ்சுரி முகாமுக்குப் பின்னால், பனிக்கடியில் ஏவுகணைகளை மறைக்கும் திட்டம் இருந்தது. அங்கே 1966இல் துளைப்பு சுமார் 1,390 மீட்டர் ஆழத்தில் அடிநிலத்தைத் தொட்டது. எடுத்த பனித்தண்டை அளந்து தருகிறேன் என்று டான்ஸ்கார்ட் முன்வந்தார். 1969இல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளின் காலநிலை வரைபடம் வெளியானது.

இன்று கருவி கேட்டு விண்ணப்பிப்பவரிடம், இதனால் என்ன பயன் என்றுதான் முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் 1952இல் டான்ஸ்கார்டிடம் அப்படிக் கேட்டிருந்தால், காட்டுவதற்கு அவர் கையில் ஒரு பாட்டில் மழைநீர்தான் இருந்திருக்கும். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும்போது, அது சும்மா இருக்கும் நேரத்தில் ஆய்வாளர் தன் சொந்தக் கேள்வியோடு அதன் முன் உட்காரவும் இடம் வைக்க வேண்டும்.