கம்பளம் தட்டிய கைகளும் மிதந்த கோளமும்: வாக்குவம் கிளீனர் பற்றிய குழந்தைப் பருவ நினைவுக்கு ஒரு வரலாறு

ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983 இல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலை வெளியிட்ட பிறகு, வீட்டுச் சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர் அவரைச் சுற்றிக்கொண்டு போக முடிவதில்லை. வாக்குவம் கிளீனர் பற்றி அவர் சொன்னது சுருக்கமானது, ஆனால் வலுவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் எப்போதாவது ஒருமுறை கம்பளத்தைச் சுருட்டி வெளியே தூக்கிப்போய்க் கொடியில் போட்டு அடிப்பார்கள். ஆண்கள், பிள்ளைகள், கூலியாட்கள் என்று பலரும் கைகொடுத்த வேலை அது. எந்திரம் வந்ததும் அந்தக் கைகள் விலகின. வேலை அடிக்கடி செய்யவேண்டியதாகி, இல்லத்தரசி ஒருவரின் தலையில் விழுந்தது. ஆய்வாளர் ஜோஆன் வானெக் 1974 இல் காட்டிய கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது: முழுநேர இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்டது 1920களில் வாரம் சுமார் 52 மணி, 1960களில் 55 மணி.

இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. என் மறுப்பு, கம்பளம் தட்டிய பிள்ளைகளைப் பற்றியது. வேலையிலிருந்து விலகிய அவர்கள் கோவனின் கதையிலிருந்தும் விலகிவிடுகிறார்கள். உழைத்தவரை மட்டுமே எண்ணும் வரலாற்றில், பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இடமில்லை. ஆனால் பிள்ளைகள் எங்கும் போய்விடவில்லை. அதே அறையில், சோபாவின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று பழைய ஹூவரையும் எலக்ட்ரோலக்ஸையும் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்து ஓட்டி மகிழ்பவர்களின் ஏக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அதை மிகையுணர்ச்சி என்று ஒதுக்கினால், ஒரு சான்று வகையையே ஒதுக்குகிறோம்.

1926 இல் வந்த ஹூவர் 700 மாதிரியை இங்கே சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அதன் உருளையில் தூரிகையோடு உலோகத் தண்டுகளும் இருந்தன. காற்றின் இழுப்பு கம்பளத்தைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கும். சுழலும் தண்டுகள் அதைப் படபடவென்று தட்டும். அடியில் இறங்கிய மணல் மேலே வரும். கொல்லையில் பையன்கள் தடியால் செய்த வேலைதான் இது. அவர்களுடைய வேலையை எந்திரம் ஒழிக்கவில்லை; தனக்குள் வாங்கிக்கொண்டது. உழைப்பாக இருந்தது ஓசையாக மாறி, அவர்களுக்கே திரும்பி வந்தது.

இதற்கு நேரடிச் சான்று மெலிதுதான். ஆயினும் அழுத்திச் சொல்வேன், ஏனெனில் பழைய எந்திரங்களைத் தேடுவோர் சொல்லும் நினைவுகளின் உள்ளடக்கமே அதற்குச் சாட்சி. துணிப்பையிலிருந்து கிளம்பும் சூடான தூசி வாசனை, குழாய் அடைபடும்போது ஏறும் மோட்டாரின் சுருதி, 1930களுக்குப் பின் முகப்பு விளக்கு கட்டிலுக்கடியில் பாய்ச்சிய ஒளி ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. தொலைக்காட்சிப் படத்தில் கோடுகள் ஓடியதும் வருகிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ்களில் எழும் தீப்பொறி அலைவரிசையைக் குழப்பியதால் விழுந்த கோடுகள் அவை. எந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர் திரைக்கு முதுகைக் காட்டியிருப்பார்; கோடுகள் உறுத்தியது உட்கார்ந்து படம் பார்த்தவருக்குத்தான். இந்த ஒரு விவரம் நினைவின் சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பதோடு, அதன் காலத்தையும் தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவிய ஆண்டுகளுக்குப் பின் தள்ளுகிறது.

காலக்கணிப்புக்கு இதைவிட நுட்பமான கருவி ஹூவர் கான்ஸ்டெலேஷன். 1954 இல் அறிமுகமான உருண்டை வடிவ எந்திரம் அது. அறையின் நடுவில் அதை வைத்துவிட்டு, உச்சியில் சுழலும் குழாயைப் பிடித்துச் சுற்றிலும் துடைக்கலாம் என்பது வடிவமைப்பாளர்களின் எண்ணம். பின்னர் வெளியேறும் காற்றை அடிப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். எந்திரம் சக்கரமின்றித் தரைக்குமேல் மிதந்து, இழுத்த பக்கமெல்லாம் வழுக்கி வந்தது. ஆனால் தொடக்க உருப்படிகள் மிதக்கவில்லை. ஆகவே ‘1954 இல் அம்மா வாங்கியது, அம்மா பின்னாலேயே மிதந்து வந்தது’ என்று ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்று பிழை. ஆண்டுதான் பிழை என்பது என் துணிபு. மிதந்ததைக் கண் பிடித்துவைக்கும். ஆண்டோ பிற்காலத்தில் எங்கோ படித்ததிலிருந்து ஒட்டிக்கொள்வது. தரையும் ஒரு சாட்சி. வெறுந்தரையில் அந்தக் காற்று பஞ்சுத் துணுக்குகளைச் சிதறடிக்கும். உருண்டையைச் சுற்றிப் பஞ்சு பறந்தது நினைவிருக்கிறதென்றால், அது மிதக்கும் வகை, கம்பளமில்லாத அறை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மாற்றங்களோடு 1975 வரை தயாரிப்பில் இருந்த எந்திரம் இது. மிதந்தது என்ற விவரம் நினைவின் தொடக்க எல்லையைத் தருமே தவிர, ஆண்டைத் தராது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹூவர் அதைப் புதுப்பித்து மீண்டும் விற்றதை ஏக்கத்தின் வலுவுக்குச் சான்றாகக் காட்ட நானும் விரும்புவேன். ஆனால் வடிவத்தின் புதுமைக்காக வாங்கியவர்களையும் பழைய பிள்ளைகளையும் விற்பனை பிரித்துக் காட்டுவதில்லை. மேலும், பார்த்துக்கொண்டிருக்க வாய்த்த குழந்தைகளின் நினைவு இது. பிறர் வீட்டுக் கம்பளங்களைக் கூலிக்குத் துடைத்த பெண்களின் பிள்ளைகள் அந்த அறைக்குள் இருந்திருக்கமாட்டார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது கோவனின் வாசிப்பே செல்லும், என்னுடையது செல்லாது.