எழுவாய் இல்லாத ஒரு சொல்

'ரயட்' என்கிற ஆங்கிலச் சொல்லைக் 'கலவரம்' என்று பெயர்த்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அமெரிக்கப் பத்திரிகைகள் அச்சொல்லைப் புழங்கிய விதத்தை வாசிக்கப்போனபோது எனக்கு முதலில் உறுத்தியது இலக்கணம்தான். 'கொன்றார்கள்' என்றால் யார் என்ற கேள்வி உடனே வரும். 'கலவரம் வெடித்தது' என்றால் வராது. கலவரமே எழுவாயாக உட்கார்ந்துகொள்ளும், மழை பெய்தது மாதிரி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். (1983 ஜூலையைக் 'கலவரம்' என்றே எழுதுகிறவர்கள் நம்மிடையிலும் உண்டு.)

1917 ஜூலையில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களின் வீடுகளைக் கொளுத்தி, தப்பி ஓடியவர்களைச் சுட்டன. பெரும் பத்திரிகைகளுக்கு அது 'ரேஸ் ரயட்'. ஏதோ இரண்டு இனங்கள் சரிசமமாக மோதிக்கொண்டது போல. கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் நேரில் போய் விசாரித்து ஒரு சிறுநூல் போட்டார். தலைப்பிலேயே 'படுகொலை' என்றிருந்தது. ஆக, அந்தக் காலத்தில் வேறு சொல் கிடையாது என்ற சமாதானமெல்லாம் இங்கே செல்லாது.

டுல்சாவில் இச்சொல்லுக்கு ரொக்க மதிப்பே இருந்தது. 1921 மே 31 அன்று, லிப்டில் ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கியதாகக் கறுப்பு இளைஞன் ஒருவன் கைதான செய்தியை 'டுல்சா ட்ரிப்யூன்' முதல் பக்கத்தில் போட்டது. அன்று மாலையே நீதிமன்றத்துக்கு முன் வெள்ளையர் கூட்டம் திரண்டது. அவனைக் காப்பாற்றக் கறுப்பர்கள் சிலர் ஆயுதத்தோடு வந்தார்கள். மறுநாள் கிரீன்வுட் பகுதியில் 35 வீதித்தொகுதிகள் சாம்பல். செத்தவர்கள் 300 பேர்வரை என்கிற மதிப்பீடு உண்டு. முழுக்க வெள்ளையர்களால் ஆன கிராண்ட் ஜூரி, பழியை அந்த ஆயுதம் ஏந்திய கறுப்பர்கள் மேலேயே போட்டது. காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு விதி இருந்தது: ரயட்டால் நேர்ந்த இழப்புக்குப் பணம் கிடையாது. கிரீன்வுட்டில் கட்டடங்கள் வைத்திருந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் வழக்குப் போட்டார். அவர் வெள்ளையர். 1926இல் ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் அது ரயட்தான் என்று சொல்லி அவரையே வெறுங்கையோடு அனுப்பிவிட்டது. கறுப்பர்களின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

1965 ஆகஸ்ட், வாட்ஸ். 1943 ஹார்லெமில் இதற்கு முன்மாதிரி உண்டு என்றாலும், சொல்லின் முகம் முழுசாகத் திரும்பியது இங்கேதான். இப்போது எழுவாய் கிடைத்துவிட்டது: 'ரயட்டர்', அதாவது கறுப்பர். செத்த 34 பேரில் பெரும்பாலோர் கறுப்பர்கள், பெரும்பாலும் போலீசும் தேசியக் காவல்படையும் சுட்டதில் செத்தவர்கள். 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகைக்கு உள்ளே போய்ச் செய்தி சேகரிக்க ஒரு கறுப்பு நிருபர்கூட இல்லை. விளம்பரப் பிரிவில் வேலைபார்த்த கறுப்பு இளைஞர் ஒருவரை அனுப்பினார்கள். 1966இல் புலிட்சர் பரிசும் வாங்கிக்கொண்டார்கள். 1968இல் வெளிவந்த கெர்னர் குழு அறிக்கை பத்திரிகைகளைக் கடுமையாகவே சாடியது. செய்திப் பிரிவுகளில் கறுப்பர்கள் 5 சதவீதம்கூட இல்லை என்றது. குழுவின் அதிகாரபூர்வப் பெயரில் 'ரயட்' இல்லை, 'சிவில் ஒழுங்கின்மை' என்றுதான் இருந்தது. ஊடகங்களுக்கு மட்டும் அது 'ரயட் கமிஷன்'.

இதே சொல்லுக்குச் சினிமாப் பக்கத்தில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் படம் என்று அர்த்தம். தோட்டக்கலைப் பக்கத்தில் பூக்களின் வண்ண அமளி. 2014 அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரில் பூசணித் திருவிழாவை ஒட்டி, பெரும்பாலும் வெள்ளையரான இளைஞர் கூட்டம் போத்தல்களை வீசியது, காரைக் கவிழ்த்தது. சில செய்திகளில் இது கட்டுமீறிய கொண்டாட்டமாகிவிட்டது. ஃபெர்குசன் கொந்தளித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

2020 செப்டம்பரில் அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக்கையேட்டில் 'ரயட்' என்று எழுதக் கவனம் தேவை என்று சொன்னது. தீயையும் சூறையாடலையும் மட்டும் காட்டுவது ஒரு மக்கள் திரளையே களங்கப்படுத்த உதவியிருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. நல்லதுதான். ஆனால் மிதமான மாற்றாக அது காட்டிய 'அன்ரெஸ்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். அமைதியின்மை. அதற்கும் எழுவாய் கிடையாது. போலீஸ் சுட்டால் 'அதிகாரி சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடு' என்று எழுதிப் பழகிய கைகளுக்கு இது சௌகரியம்.

டுல்சாவின் நூற்றாண்டு நினைவுக் குழு 2018இல் தன் பெயரிலிருந்த 'ரயட்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் 'படுகொலை' என்று போட்டுக்கொண்டது. பத்திரிகைகளும் மாற்றிக்கொண்டன. ரெட்ஃபெர்னை வெறுங்கையோடு அனுப்பிய அதே ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம், நூறு வயதைக் கடந்த இரண்டு மூதாட்டிகள் அதில் பிழைத்தவர்களாக நின்று கேட்ட இழப்பீட்டு வழக்கை 2024 ஜூனில் தள்ளுபடி செய்தது.