எதன் வயது 40,000?

நியா குகை என்றதும் மலேசியாவில் வரலாறு படித்த பலருக்கும் ஓர் எண் ஞாபகம் வரும்: 40,000. மனப்பாடம் பண்ணி, தேர்வில் எழுதி, அத்தோடு மறந்துபோன எண். நான் அளவுக்கருவிகளோடு மல்லுக்கட்டும் பொறியாளன். மேசைக்கு ஓர் எண் வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, “எதை அளந்தே?” என்றுதான். நியாவிடமும் அதையே கேட்டுப் பார்த்தேன். அந்த 40,000, மண்டையோட்டின் வயதே இல்லை. பக்கத்தில் கிடந்த கரியின் வயது.

1958 பிப்ரவரி. சரவாக் அருங்காட்சியகக் காப்பாளர் டாம் ஹாரிசனும் அவர் மனைவி பார்பராவும் நியாவின் மேற்கு வாயிலில் அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் ‘நரகம்’ என்றே பெயர் வாங்கிய அகழி அது. அதற்குள் இரண்டரை மீட்டருக்கும் கீழே ஒரு மனித மண்டையோடு கிடைத்தது. அந்த மட்டத்தை ஒட்டி எடுத்த கரியை நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வகம் கார்பன் முறையில் அளந்து, ஏறக்குறைய 40,000 ஆண்டுகள் என்றது. நவீன மனிதனின் பழங்கதையை ஐரோப்பியக் குகைகளை வைத்தே சொல்லிப் பழகியிருந்த காலத்தில், போர்னியோவிலிருந்து இப்படி ஓர் எண்!

பலர் நம்பவில்லை. அவர்களின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. நியா குகை பிற்காலத்தில் இடுகாடாகவும் இருந்திருக்கிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு முன் இறந்த ஒருவரை ஆழக் குழி வெட்டிப் புதைத்திருந்தால், அவர் தலைமாட்டில் நாற்பதாயிரம் ஆண்டுப் பழைய கரி கிடப்பதில் வியப்பில்லை. குகை மண்ணோ சரிந்தும் வளைந்தும் படிந்தது. ஹாரிசனின் குழு அந்தச் சரிவைப் பின்தொடராமல், தரையிலிருந்து இத்தனை அங்குலம் என்று மட்டமாக வெட்டிக்கொண்டே போனது. ஒரே ஆழத்தில் கிடைத்த இரண்டு பொருள்கள் ஒரே காலத்தவை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கரியின் எண்ணிலும் ஆபத்து உண்டு. கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகக் குறையும். 40,000 ஆண்டு முடிந்தால் மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. இப்போது லட்சம் ஆண்டுப் பழைய கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன்-14 அநேகமாகத் தீர்ந்திருக்கும். மரவேர் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ அதில் ஒரே ஒரு சதவீதம் புதிய கார்பன் கலந்துவிட்டால் என்ன வயது வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 38,000ஐ ஒட்டி வரும். கருவி பொய் சொல்லாது. அழுக்கையும் சேர்த்து ஒழுங்காக அளந்து கொடுக்கும். அதனால்தான் இந்த வயது வட்டாரத்தில் வரும் பழைய கார்பன் எண்களை ஆய்வாளர்கள் லேசில் விடுவதில்லை.

சரி, எலும்பையே நேரா அளந்துட வேண்டியதுதானே? அதற்கு வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் கிரேம் பார்க்கர் தலைமையில் ஒரு குழு நியாவுக்குத் திரும்பியது. பழைய அகழியின் சுவர்களைச் சுத்தம் செய்து, ஹாரிசனின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, மண்டையோடு கிடந்த அடுக்கை மறுபடி கண்டுபிடித்தார்கள். கரியைக் கடுமையாகக் கழுவிச் சுத்திகரித்து மீண்டும் அளந்தார்கள். எலும்பை யுரேனியம் முறையில் சோதித்தபோது ஏறத்தாழ 35,000 ஆண்டு என்று வந்தது.

பார்த்தால் 40,000 விழுந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் உயிருள்ள எலும்பில் யுரேனியம் மிகமிகக் குறைவு. புதைந்த பிறகுதான் மண்ணீரிலிருந்து அதை உறிஞ்சும். எனவே கடிகாரம் மரணத்துக்குப் பிந்தியே ஓடத் தொடங்குகிறது. அது காட்டுவது குறைந்தபட்ச வயது. ஹாரிசனின் எண் பெரிய பிழை இல்லை என்று நிரூபணமானது. அதனால் சந்தேகப்பட்டவர்கள் முட்டாள்கள் ஆகிவிடவில்லை. விடை சரியாக இருந்தது. செய்முறை காட்டப்படாமல் இருந்தது. அந்தச் செய்முறையை எழுதி முடிக்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

வயது உறுதியாகிவிட்டால் எல்லாம் உறுதியாகிவிடும் என்றும் இல்லை. 1960இல் இந்த மண்டையோட்டை ஆராய்ந்த டான் பிராத்வெல், இது ஒரு பதின்வயதினருடையது, தாஸ்மேனியப் பூர்வகுடிகளை ஒத்திருக்கிறது என்றார். 2016இல் டேரன் கர்னோவின் குழு மறுபடி பார்த்தது. அவர்கள் கண்ணுக்கு இது நடுத்தர வயதுப் பெண்ணாக இருக்கலாம். சாயலோ இன்றைய போர்னியோ பூர்வகுடிகளுக்கு நெருக்கம். ஒரே எலும்பு, ஏறக்குறைய அதே வயது, வேறொரு ஆள்.

கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவிலும் இதே கேள்விதான். பின்னாளில் ஜாவா மனிதனைக் கண்டெடுத்த யூஜின் டுபுவா, 1880களின் பிற்பகுதியில் பாடாங் மேட்டுநிலத்தின் லிடா ஆஜர் குகையில் இரண்டு மனிதப் பற்களைச் சேகரித்தார். கீரா வெஸ்டவேயின் குழு டுபுவாவின் குறிப்பேட்டை வைத்து அந்தக் குகையைத் தேடிப் பிடித்தது. படிந்த மண், சுண்ணாம்புப் படிவு, உடன் கிடைத்த விலங்குப் பற்கள் எல்லாவற்றையும் அளந்து, 2017இல் 73,000 முதல் 63,000 ஆண்டு என்று அறிவித்தது. இங்கேயும் சுற்றியிருந்தவற்றின் வயதே அந்த இரண்டு பற்களுக்கும் வயதாகிறது.

இதில் என்ன பெரிய விஷயம்? இருக்கிறது. அன்று கடல்மட்டம் தாழ்ந்து தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாக, சுண்டாவாக இருந்தன. ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் இந்த நிலத்தை மிதித்துத்தான் கடலில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் எல்லோருடைய மூதாதையரும் பெரும்பாலும் 50,000–60,000 ஆண்டுகளுக்கு முன் பரவியவர்கள் என்று மரபணுக்கள் சொல்கின்றன. லிடா ஆஜர் எண் சரியென்றால், மழைக்காட்டில் வாழத் தெரிந்த மனிதர்கள் அதற்கும் முன்பே இங்கே வந்திருக்கிறார்கள். அநேகமாக வாரிசில்லாமல் போயிருக்கிறார்கள். தவறென்றால் அப்படி ஒரு கூட்டம் சுமத்ராவில் இருந்ததற்குச் சாட்சி இல்லை. ஒரு மக்கள் கூட்டம் வாழ்ந்ததா இல்லையா என்பது, இரண்டு பற்களுக்கும் அவற்றைச் சுற்றியிருந்த மண்ணுக்கும் உள்ள உறவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2024இல் நியா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனி அங்கே கூட்டம் கூடும், பலகைகள் கூடும். பலகையில் ஓர் எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியிடம் கேளுங்கள்: இது எலும்பின் வயதா, கரியின் வயதா? பதில் வர நேரமானால் பரவாயில்லை. அந்த எலும்பே பதிலுக்காக நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது.