பத்தாயிரம் பேர் ஏறிய மலை

மான்செஸ்டர்ல ஆணி புடுங்கிக்கிட்டிருந்தப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை பொழுது போகாம போல்டன் ஊருக்கு மேல இருக்குற வின்டர் ஹில்லுக்குக் கிளம்பிட்டேன். உயரம் வெறும் 456 மீட்டர். மரங்கள் அதிகம் கிடையாது. புல்லு, ஹீதர் புதர், கால் வச்சா பொதக்குனு அமுங்குற பீட் மண்ணு. துணைக்கு நாலு செம்மறியாடு, உச்சியில ஒரு டிவி கோபுரம், அவ்வளவுதான். வானம் தெளிவா இருந்தா ஒரு பக்கம் மான்செஸ்டர் கட்டடங்கள், இன்னொரு பக்கம் பிளாக்பூல் கோபுரம், தூரத்துல வேல்ஸ் மலைகள்.

இந்த ஆளில்லாத வழியிலதான் பத்தாயிரம் பேர் திரண்டு போனாங்கன்னு வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் தெரிஞ்சது!

வருஷம் 1896. போல்டன் ஒரு பஞ்சாலை ஊர். வாரம் பூரா ஆலைத் தூசியில கிடக்குற தொழிலாளிக்கு முழுசா கிடைக்குற லீவு ஞாயிறு மட்டும்தான். அன்னிக்கு மூச்சு விட ஏறுற மலை இது. ஆனா நிலத்துக்குச் சொந்தக்காரர் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி எய்ன்ஸ்வொர்த். க்ரௌஸ்னு கௌதாரி மாதிரி ஒரு பறவை. அதை வேட்டையாடுறது பெரிய மனுஷங்க பொழுதுபோக்கு. அதுக்கு இடைஞ்சல்னு கோல் பிட் ரோட்டை மூடிட்டார்.

ஜோசப் ஷஃபிள்பாட்டம்னு ஒரு செருப்புத் தொழிலாளி, கூட உள்ளூர் சோசலிஸ்டுகள். பத்திரிகையாளர் சாலமன் பார்ட்டிங்டனும் சேர்ந்துக்கிட்டார். செப்டம்பர் 6, ஞாயிறு. ஊர்வலம் கிளம்பினப்ப இருந்த கூட்டம் வழியில பெருகிக்கிட்டே போச்சு. கேட்டை உடைச்சு, தடுத்த போலீஸைத் தாண்டி ஏறிட்டாங்க. அடுத்த ஞாயிறும் அதே கதை.

ஜெயிச்சாங்களா? இல்லீங்க. 1897-ல கோர்ட் கர்னல் பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு.

1932-ல கிண்டர் ஸ்கௌட் மலையில சுமார் 400 பேர் இதே மாதிரி அத்துமீறி ஏறினதுதான் இன்னிக்குப் புகழ் பெற்ற கதை. அதுல சிலர் ஜெயிலுக்குப் போனாங்க. போல்டன்காரங்க முப்பத்தாறு வருஷம் முன்னாடியே செஞ்சதை வெளியூர்ல அதிகம் பேர் பேசறதில்ல. அந்த ரோடு பொதுவழின்னு ஆனது 1996-ல. சரியா நூறு வருஷம்!

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். அதே ஆடு, அதே காத்து. கோல் பிட் ரோட்டுல என்னை யாரும் தடுக்கல. போன வாரமும் தடுக்கல, ஆனா அப்ப அது எனக்கு ஒரு விஷயமாவே படல :-)