அடைப்பின் வரலாறு: ஏரித் தூம்பு முதல் அறைத்தோட்டத்துச் சொட்டுவான் வரை

முன்னுரை

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை இன்று இரண்டு காரணங்களால் அறியப்படுகிறது. ஒன்று சிப்காட் தொழிற்பூங்கா. மற்றொன்று, கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய இரு ஏரிகளை இணைத்து ரூ.380 கோடிச் செலவில் அமைக்கப்பெற்ற, 500 மில்லியன் கன அடி கொள்ளளவுடைய நீர்த்தேக்கம். 2020 நவம்பர் 21 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தது. வயலுக்குப் பாய்ந்த ஏரிநீர் சென்னையின் குடிநீராயிற்று. ஏரிப்பாசனம் சுருங்கும் இடங்களில் நீர்ச்சிக்கனத்தின் பெயரால் முன்வைக்கப்படுவனவற்றுள் மண்ணில்லா வேளாண்மையும் ஒன்று. அறைக்குள்ளேயே சொட்டுநீரால் கீரை வளர்க்கும் சிறு தோட்டம் அதன் எளிய வடிவம். அதனைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் பேசாது விடுவது அடைப்பு. ஒரு சொட்டுவான் அடைபட்டால் மண்ணில் நிற்கும் செடி சில நாள் தாங்கும். தேங்காய்நார்க் கழிவிலோ கூழாங்கல்லிலோ நிற்கும் செடி ஒரே பகலில் வாடும். சொட்டுநீர்க் கருவியின் வளர்ச்சி அடைப்பை வெல்ல எடுத்த முயற்சிகளின் வளர்ச்சியே என்பதும், பழுதைக் குழாயின் கடைசியில் அன்றி நீர் புறப்படும் இடத்திலிருந்து தேடவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தூம்பும் வாரியமும்

இக்கருத்து தமிழகத்துக்குப் புதிதன்று. ஏரிக்குள் அமைந்த குமிழித் தூம்பில் மேலே நீரோடித்துளையும் அடியில் சேறோடித்துளையும் உண்டு. தெளிந்த நீர் மேல்துளை வழியே இறங்க, படியும் வண்டல் கீழ்த்துளை வழியே வெளியேறும். வண்டல் கால்வாயில் சேர்ந்தபின் அள்ளுவதைவிட, தூம்பிலேயே அதற்கு வழிசெய்வது மேல் என்ற அறிவு இவ்வமைப்பில் உள்ளது. அமைப்பு மட்டும் போதாது என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிவாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. அவ்வுறுப்பினரின் பணிக்காலம் 360 நாள்.

துளையிலிருந்து நெடுவழிக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டார் துளையிட்ட குழாய்களால் வேருக்கு நீர்விட முயன்றனர். துளை பெரிதானால் நீர் வீணாகும்; சிறிதானால் மணல்துகள் அடைக்கும். இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ் இச்சிக்கலைத் தீர்த்த முறை எளியது. நுண்துளையைக் கைவிட்டு, சற்று அகன்ற, ஆனால் நீண்டு சுருண்ட பிளாஸ்டிக் வழியில் நீரைச் செலுத்தினார். துளையின் சிறுமையன்றி, வழியின் உராய்வே நீரின் வேகத்தைக் குறைத்தது. 1965இல் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையுடன் இணைந்து தொடங்கப்பட்ட நெட்டாஃபிம் நிறுவனம் இதனைப் பரப்பியது. இக்கண்டுபிடிப்பை நீர்ச்சிக்கனத்தின் வெற்றியாக மட்டும் காண்பது பொருந்தாது. அது அடைப்புக்குச் சொன்ன விடையுமாகும்.

அவ்விடை முழுமையானதன்று. அறைத்தோட்டத்தில் குழாய்வழி செல்வது வெறும் நீரன்று, உப்புக் கரைசல். கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட், பாஸ்பேட் உப்புகளையும் அடர்நிலையில் ஒரே கலத்தில் கலந்தால் ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும் வீழ்படிவாகும். இருகலக் கரைசல் முறை தோன்றியது இதனால்தான். இரும்பும் நெடுநாள் தொல்லை தந்தது. 1951இல் ஜேக்கப்சன் இரும்பை ஈ.டி.டி.ஏ.வுடன் பிணைத்துத் தந்தபின்னரே அது கரைசலில் நிலைத்து நின்றது.

1979இல் பக்ஸ், நாகயாமா, கில்பர்ட் ஆகிய மூவரும் அடைப்பைப் பௌதிகம், வேதியல், உயிரியல் என மூவகைப்படுத்தினர். மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமை மிஞ்சினாலோ, கார அமிலநிலை 8ஐக் கடந்தாலோ இடர் கடுமையாகும் என்பது அவர்தம் கணிப்பு. அறைத்தோட்டத்தில் பழுதைத் தேடுவோர்க்கு இப்பகுப்பு இன்றும் பயன்படும். எல்லாச் சொட்டுவான்களும் தளர்ந்தால் வடிகட்டியையும் மோட்டாரையும் பார்க்கவேண்டும். கடைசிச் செடிகள் மட்டும் வாடினால் குழாயின் முனையைத் திறந்து வண்டலை வெளியேற்றவேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் அந்தச் சொட்டுவானைப் பிரித்துப் பார்ப்பது முறை: வெண்படிவு சுண்ணத்தால், அதனை நீர்த்த அமிலம் கரைக்கும். செம்படிவு இரும்பால். வழுவழுப்பு பாசியாலும் நுண்ணுயிராலும் வருவது. தொட்டிக்கும் குழாய்க்கும் ஒளி புகாது மறைத்தாலே பாசியின் பெரும்பகுதி ஒழியும். அமிலத்தையும் குளோரினையும் ஒருசேர இடலாகாது. நச்சுவாயு எழும், அதுவும் மூடிய அறையில்.

வங்க முறை ஒரு மறுமொழி

இங்கு ஷோல்டோ டக்ளஸ் நினைக்கத்தக்கவர். 1946 முதல் டார்ஜிலிங் மலைப்பகுதியின் காலிம்பாங்கில் ஆய்வு நிகழ்த்திய அவர், கல்லும் கரடுமான தொட்டியில் உரஉப்பைத் தூளாகத் தூவி, மேலே நீர் ஊற்றும் 'வங்க முறை'யை வகுத்தார். அதில் நுண்குழாயில்லை, ஆகவே அடைப்பும் இல்லை. ஐந்தாறு தொட்டி வைத்திருப்பவருக்குச் சொட்டுவான் தேவையா என்று இதனை அறிந்தபின் கேட்கத் தோன்றுகிறது.

தமிழகம் பெரும்பாலும் மற்ற வழியையே ஏற்றது. 2004இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம் சொட்டுநீரோடு, முற்றும் நீரில் கரையும் உரத்தையும் வலியுறுத்தியது. பின்னர்ச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோர்க்கு 75 விழுக்காடும் மானியம் வந்தது. குழாயும் வடிகட்டியும் மானியத்தில் வரும். வாரந்தோறும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் வேலை உழவரிடமே நிற்கிறது. வாரியம் இல்லாத அறைத்தோட்டத்தில் அவ்வேலை வீட்டில் எவருடையது என்பது, கருவி வாங்கும் நாளிலேயே பேசி முடிக்கவேண்டியது.