விதையும் அதன் முகவரியும்

வரலாறு என்பது மன்னர்களோடும் போர்களோடும் முடிந்துவிடுவதில்லை. புல்லுக்கும் மரத்துக்கும் வரலாறு உண்டு. உலர்ந்த செடியோடு ஒட்டிவைத்த சிறு குறிப்புச் சீட்டே அதற்குச் சான்று.

சென்னை மாகாணத்துத் தாவரங்களை வகைப்படுத்தும் பெருநூலை, வனத்துறையில் பணியாற்றிய ஜே. எஸ். கேம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கினார். 1925-இல் அவர் மறையவே, எஞ்சிய பகுதிகளைச் சி. இ. சி. ஃபிஷர் 1936-இல் நிறைவு செய்தார். காடுமேடெல்லாம் அலைந்தோர் திரட்டிய செடிகளும், அவற்றின்மீது குறித்த ஊரும் நாளுமே அவர்களுக்குத் துணையாயின.

ஓசூரை எடுத்துக்கொள்வோம். பழைய சீட்டில் ‘சேலம் மாவட்டம்’ என்றிருப்பின், இன்றைய சேலத்தில் மட்டும் தேடுவது போதாது. ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர்த் தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. நிலமும் மாறிற்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின், கேழ்வரகு விளையும் அம்மேட்டு நிலத்தில் ஆலைகள் பெருகின. அவற்றால் பல குடும்பங்கள் வாழ்கின்றன, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், முன்பு அங்கே முளைத்தவற்றை எழுதிவைக்காவிடில், இழந்தது இன்னதென்றும் அறியமாட்டோம்.

ஆகவே, விதை சேகரிக்கப் புகுவோர் முதலில் குறிப்பேட்டைக் கையில் எடுத்தல் வேண்டும். நாள், இடம், மண், அண்டையில் நிற்கும் செடிகள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் வளரும் சந்தனம், அண்டை மரங்களின் வேரிலிருந்து நீரும் சத்தும் உறிஞ்சும் இயல்புடையது. அம்மரங்களின் பெயரை எழுதாது விதையை மட்டும் கொணர்ந்தால், பாதிச் செய்தியே கிட்டும்.

பெரும்பாலான விதைகளை நிழலில் உலர்த்திக் காகித உறையிலிட்டுக் காக்கலாம். நாவல் விதையோ உலர்ந்தால் உயிரிழக்கும். விரைவில் ஊன்றிவிட வேண்டும். அன்று முற்றிக் கிடைக்கும் விதையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது உலக விதை வங்கிகள் போற்றும் நெறி. எஞ்சியது காட்டின் உடைமை. காப்புக் காடுகளில் வனத்துறையின் இசைவின்றி எதையும் எடுத்தல் தகாது.

பள்ளி வேலியோரத்திலும் ஏரிக்கரையிலும் இப்பணியைத் தொடங்குங்கள். மாவட்டத்தின் பெயர் மாறலாம்; அருகிலுள்ள ஏரியையும் குன்றையும் சேர்த்தெழுதுங்கள். நூறாண்டு கழித்து அச்சீட்டைப் படிப்பவர், அந்த இடத்தைத் தேடிக்கொண்டு வந்து சேரட்டும்.